கழியில் நட்ட கழி

பனிப்பாளம் விலகிய மார்ச்சில்
இம்கே தன் தட்டைப்படகில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பிர்ச் கழிகளை ஏற்றுகிறாள்,
நுனிக்கிளை வெட்டாமல்,
தலைவிரித்த விளக்குமாறுகளாக.

வடகடல் ஓரம்.
பிரீசியத் தீவுக்கும் கரைக்கும் நடுவே
ஆறு மணி நேரம் கடல், ஆறு மணி நேரம் சேறு.
சேற்றுக்குள் ஒரு வழி உண்டு,
பெயர் ஹிஸ்கேயின் கழி.
ஹிஸ்கே யார்?
தேவாலயப் பதிவேட்டுக்கும் தெரியாது.

போன வருடம் வழி இருந்த இடத்தில்
இப்போது சிப்பிபிடிப்பான்கள் நடக்கின்றன.
வழி முப்பது மீட்டர் கிழக்கே போய்விட்டது
பெயரையும் கூட்டிக்கொண்டு.

புதிதாக வேலைக்கு வந்த யோஸ்ட் கேட்கிறான்:
"தண்ணீர் வேறு, மணல் வேறு, குச்சியும் வேறு.
எதை வைத்து அதே வழி என்கிறீர்கள்?"
இம்கே பீய்ச்சுகுழாயை நிறுத்தவில்லை.
நீர் துளைத்த குழிக்குள் கழி இறங்குகிறது,
மணல் அதன் காலைப் பிடித்துக்கொள்கிறது.
"அடுத்ததைக் கொடு."

ஒற்றைக் கழி எதுவும் சொல்வதில்லை;
நீர்க்காகம் உட்கார ஒரு குச்சி.
இரண்டாவதை நட்டதும்
முதலாவதற்கு இடம் வலம் வருகிறது.
மூன்றாவது வளைவைச் சொல்ல,
முன்னிரண்டும்
தாம் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன.

எண்பத்தேழாவது கழி பிழை.
நான்கு வருடம் முன்பு, விரல் விறைத்த மாலையில்
ஆறடி தள்ளி நட்டுவிட்டாள்.
எண்பத்தாறும் எண்பத்தெட்டும் சரியாக நின்றதால்
படகுகள் லேசாக இடுப்பை வளைத்துப் போயின.
அடுத்த மார்ச்சில் கோலிட்டுப் பார்த்தால்
பிழையின் பக்கமே ஆழம்.
தண்ணீர் முந்தியதா, படகுகள் முந்தினவா,
யார் கண்டது?
இப்போது அங்கேதான் நடுகிறாள்.

எல்லாப் பிழையும் இப்படிப் பிழைப்பதில்லை.
ஒருமுறை வரிசையாக ஐந்தைத் தவறவிட்டாள்.
ஃபோல்கெர்ட்டின் இறால் படகு சேற்றில் அமர்ந்தது.
ஆறிய உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டும்
இம்கேயைத் திட்டிக்கொண்டும்
கடல் திரும்பி வரும்வரை அவன் காத்திருந்தான்.
சேற்றுக்கும் ஒரு சொல் உண்டு,
அதை யாரும் மாற்ற முடியாது.

மாலை.
முந்நூற்றுப் பதினொன்றிலேயே வழி முடிந்துவிட்டது,
இந்த வருடம் ஒரு வளைவு குறைவு.
ஓதம் ஏறுகிறது. சிப்பி, புழுமேடு,
எங்கள் காலடித்தடம் எல்லாம் மறைய
கழிகளின் தலைகள் மட்டும் வெளியே.

தீவிலிருந்து ஒரு படகு வருகிறது.
எண்பத்தேழில் இடுப்பை வளைக்கிறது.
யோஸ்ட் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.
மீந்த கழியைப் படகின் குறுக்கே வைத்து
தன் ஈரக் காலுறைகளைக்
காயப்போட்டுக்கொண்டிருக்கிறான்.