நாற்பத்தைந்தாம் எண் சாலை, இரவு ஒன்று இருபது

போலீஸ் தொலைபேசியில் சொல்வது மூன்றே தகவல்:
எந்தச் சாலை, என்ன விலங்கு,
எந்தப் பக்கம் ஓடியது.
மீதியைப் பிக்கா சொல்லும்.
பிக்கா என் நாய். குட்டைக் கால், முரட்டு முடி,
மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இரவு உடைக்கு மேலேயே கால்சட்டையை ஏற்றிக்கொள்கிறேன்.
நவம்பர். சுன்னே ஊரைத் தாண்டி ஏரியோரம்
விளக்குகள் மினுக்கியபடி ஒரு வெள்ளைக் கார்,
பக்கத்தில் ஒருவன். முப்பது வயதிருக்கும்.
அடிபட்டது ஓடிய இடத்தில்
அடையாளத்துக்கு ஏதாவது கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
மகளுடைய மஞ்சள் கையுறையைக்
கிளையில் மாட்டி வைத்திருக்கிறான்.
காட்டைப் பார்த்து யாரோ
'நில்' என்று சொல்வதுபோல் இருக்கிறது.

"டாக்டர் நீங்களா?"

இல்லை. பள்ளிச் சமையலறையில்
நானூறு பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கிறவள்.
பெயர் யோர்டிஸ்.
என் தோளில் தொங்குவதை அப்போதுதான் பார்க்கிறான்.
ஓரடி பின்னால் போகிறான்.

இந்த ஓரடி எனக்குப் பழக்கம்.
கல்யாண விருந்தில், ரயிலில் எதிர் இருக்கையில்,
உட்கார்ந்தபடியே இதை எடுத்துவைத்தவர்கள் எத்தனை பேர்.
அவர்கள் மனதில் என் வீட்டுச் சுவர் முழுக்கக் கொம்பு.
என் சுவரில் இருப்பது ஒரு கடிகாரம்,
அதுவும் ஆறு நிமிடம் பிந்தி.
அவர்கள் மனதில் நான் சுட்டுக்கொண்டே இருக்கிறேன்.
போன அக்டோபர் முழுக்க
மரத்தின் மேல் பலகையில் உட்கார்ந்து
நான் காலி செய்தது முப்பது ஃபிளாஸ்க் காபி.

கொம்புக்காக வருகிறவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன்.
எங்கள் குழுவில் ஸ்டூரே,
செத்த மூஸின் தலையைத் தூக்கிப் பிடித்துச்
சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறவன்.
அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதில்லை.
ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால்
இந்த நேரத்துக்கு, இந்தக் குளிரில்,
ஒரு பைசா வாங்காமல் வந்து நிற்பவனும் அவன்தான்.
இதை எந்தக் கணக்கில் எழுத?

"நானும் வருகிறேன்" என்கிறான் கார்க்காரன்.
டார்ச்சை அவன் கையில் கொடுக்கிறேன்.
பாசியில் ஒரு துளி. பிறகு நாற்பது அடிக்கு ஒன்றுமில்லை.
பிறகு ஒரு இலையின் அடிப்பக்கம்.
"ஒன்பது வருடமாக நான் இறைச்சி தொடுவதில்லை."
ம், என்கிறேன்.
அவன் கார் முகப்பில் ஒட்டியிருந்த முடியை
நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான்.
அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஃபர் மரத்தடியில் பிணைமான்.
முன்னங்கால்கள் எழப் பார்க்கின்றன,
பின்னங்கால்களுக்குச் சேதி போகவில்லை.

"காப்பாற்ற..."
முடியாது.
வெளிச்சத்தை ஆட்டாமல் பிடி.
பிடித்தான்.

சத்தம் ஏரியின் மறுகரை வரை போய்த்
திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தில்
நாங்கள் இருவரும் ஒன்றும் செய்யவில்லை.

திரும்பும் வழியில் கேட்டான்,
குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்:
"இது உங்களுக்குப் பிடிக்குமா?"
இல்லை என்றிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான்.
நாய் தரையில் மூக்கை வைக்கும்,
வால் நிற்கும்,
இருட்டு முழுவதும் ஒரே நூலாகும்.
அது பிடிக்கும் என்றேன்.
அதற்குப் பிறகு வருவது பிடிக்காது.
இரண்டையும் தனியாக விற்பதில்லை.
அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.
எனக்கே சில இரவுகளில் புரிவதில்லை.

கையுறையை மறந்துவிட்டுப் போய்விட்டான்.
துவைத்து, கடிகாரத்துக்குக் கீழே
ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்,
கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று.
நான்கு வயதுக் கை அளவு.
பிக்கா ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு,
ஒன்றுமில்லை என்று
அடுப்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.