பதினோராவது மைல்

ரீத்திலிருந்து சரியாகப் பதினோரு மைல்.
பட்டர்டப்ஸ் ஏற்றம் தொடங்கும் முதல் வளைவில்
இருமுறை செருமி
மூன்றாவதற்கு மூச்சில்லாமல் நின்றுவிடும்
என் பச்சை எம்.ஜி.பி.
என்னைவிட இரண்டு வயது இளையது,
பிடிவாதத்தில் மூத்தது.

வியாழக்கிழமை எனக்கு மலைக்கு அந்தப்புறம் வேலை:
ஒரு பள்ளிப் பியானோ, ஒரு தேவாலயப் பியானோ,
பியர் குடித்தே வீங்கிப்போன ஒரு விடுதிப் பியானோ.
சுருதி கூட்டுகிறவள் நான்.
காதுதான் பிழைப்பு.
சாவியைத் திருப்பியதும்
வலது பின்சக்கரத்தருகே பெட்ரோல் பம்ப் பேசும்:
டிக்டிக்டிக்டிக்,
அப்புறம் நிதானித்து, டிக்... டிக்.
கார்பரேட்டர் இரண்டுக்கும் வயிறு நிரம்பியது என்று கணக்கு.
அந்த வளைவில் மட்டும்
பேச்சே இல்லை.

முதல் வியாழன்
செருப்பைக் கழற்றிப் பம்பை நாலு தட்டு தட்டினேன்.
இந்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.
பலிக்கவில்லை.
வேலிக் கதவுக்குப் பின்னால் ஒரு நாய்,
நாய்க்குப் பின்னால் ஒரு மனிதர்.
“மெட்காஃப்” என்றார். கொஞ்சம் யோசித்து, “க்ளெம்.”
தேநீர் தந்தார். அரை மணி.
திரும்பி வந்து சாவியைத் திருப்பினால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது வண்டி.

இரண்டாவதற்குள்
பம்பின் பாயிண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தேன்.
வளைவு. மௌனம். தேநீர். அரை மணி.

மூன்றாவதற்குள் ஃபில்டர் புதிது.
இந்தக் காலத்துப் பெட்ரோலில் ஊறி
உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துகொண்டிருந்த
ரப்பர் குழாயும் புதிது.
மிதவைக் கிண்ணங்களைத் திறந்து
ஊசி வால்வை வாயில் வைத்து ஊதியும் பார்த்தாயிற்று.
நாலு நாள் நாக்கில் பெட்ரோல்.
வளைவு. மௌனம்.
இந்த முறை தேநீரோடு இஞ்சிக் கேக்.
நாய் டெஸ் குரைப்பதை விட்டிருந்தது.
க்ளெம் சட்டை மாற்றியிருந்தார்.

நான்காவது வியாழன் மழை.
“பெட்ரோல் இருக்கிறதா, முதலில்?”
முள் பாதியில் நிற்கிறது என்றேன்.
“முள்ளை நம்பாதீர்கள்” என்று கேனோடு வந்தார்.
டேங்க் மூடி, பூட்டு வைத்தது, பளபள குரோம்.
பிப்ரவரியில் யாரோ பெட்ரோல் திருடியதும்
கோபத்தில் வாங்கிப் போட்டது.
பூட்டைத் திறந்து அவர் திருக,
ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்
என்று உள்ளுக்கு இழுத்தது டேங்க்
ஒரு நீளமான மூச்சை,
ஏறத்தாழ ஜி-ஷார்ப்பில்.

உடனே சக்கரத்தருகே
டிக்டிக்டிக்டிக்.

மூடியைப் புரட்டிப் பார்த்தார்.
காற்றுத் துளையே இல்லை.
“பெட்ரோல் வெளியே போகப் போக
அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டாமா?”
வயிறு உப்பிய ஆட்டுக்கு ஊசி குத்தித்
துளை போடுவதுண்டாம். இது தலைகீழ் என்றார்.
அப்படியானால் ஒவ்வொரு அரை மணியிலும்
பூட்டின் இடுக்கில் கசிந்த காற்றுதான்
என்னை மலைக்கு அந்தப்புறம் அனுப்பி வைத்திருக்கிறது,
தேநீர் இல்லை.
கொட்டகையில் டிரில் மிஷின். இரண்டு மில்லிமீட்டர்.
குரோம் சுருள் ஒன்று அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது.
“இனி நிற்காது.”
சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.
நேரமாகிவிட்டது என்றேன்.
ஆகவில்லை.

ஐந்தாவது வியாழன்.
பதினோராவது மைல்.
பம்ப் ஒரு துடிப்பும் தவறவில்லை.
இந்த வண்டி இப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை.
வேலிக் கதவைத் தாண்டி முப்பது கெஜம் போயாயிற்று.
கண்ணாடியில் டெஸ், காதைத் தூக்கிக்கொண்டு.

எஞ்சினை அணைத்தேன்.
பிரேக்கை விட்டேன்.
சரிவில் பின்னோக்கி உருண்டு
சத்தமில்லாமல் வந்து நின்றது வளைவில்.

பானெட்டைத் திறந்து வைத்தேன்.
டார்ச்சோடு வந்தார் க்ளெம்,
நல்ல வெயிலில்.
குனிந்தார். குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.
மூடியின் துளையைக் கூட.
“கஷ்டம்தான்” என்றார் கடைசியில்,
“அரை மணியாவது ஆகும்.”