வலமிருந்து

ஜாலான் ஈப்போவில் சாவிக்கடைக்கு மேல்மாடி, எங்கள் அச்சகம்.
கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை,
சங்கத் தேர்தல் வந்தால் இரண்டு அணிக்கும் நோட்டீஸ்.
லுஜைன் வந்த அன்று மழை.
ஏடன் பக்கம், என்றாள். இப்போது செராஸ்.
பென்டிரைவைச் சட்டையில் துடைத்து நீட்டினாள்:
முப்பத்திரண்டு பக்கம், இரண்டு நிறம், இருநூறு பிரதி.
அட்டையில் ஒரு வட்டம், அதற்குள் அரபு வரி.
என்ன எழுதியிருக்கு?
பெரியவர்களுக்கு மட்டும்.

பர்மிட், ரெய்டு, என் பெயரில் இருக்கும் லைசென்ஸ்
எல்லாம் ஒரே மூச்சில் மாடிப்படி ஏறி வந்தன.
திரையில் பக்கம் பக்கமாகத் தேடினேன்
அந்தப் பெரியவர் சமாச்சாரத்தை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
கரண்டு பில் படிக்கிறாள் ஒருத்தி.
விசா வரிசையில் நின்று நின்று
தாடி தரையைத் தொட்டுவிட்டது ஒருவனுக்கு.
ஜட்டியோடு மொட்டைமாடி ஏறி
தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்க்கிறார் ஒரு வழுக்கைத்தலையர்.
தொட்டியின் பதில் மட்டும் அரைப்பக்கத்துக்கு,
கொட்டை எழுத்தில்.

நீலம் சரியாக உட்காராமல் நாற்பது தாள் வீண்.
ஸம்ரி அவற்றைக் கழிவு மூட்டையில் போடவில்லை.
கையில் வைத்துக்கொண்டே நின்றான்.
காக், இது அந்த எழுத்தாச்சே.
கூட்டிப் படிக்கத் தெரியும் அவனுக்கு, பொருள் தெரியாது.
வழுக்கைத்தலையரின் வாயிலிருந்த வரியை
சின்ன வயதில் பழகிய அதே ராகத்தில்
நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி
நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதிக் காட்டினான்.
லுஜைன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
வீட்டுக்காரனையும் அவன் ஏழு தலைமுறையையும்
ஏசுகிற வசவாம் அது.
ஸம்ரிக்குக் காது சிவந்தது. அப்புறம் அவனும் சிரித்தான்.
தாளை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவனைக் கேலி செய்ய எனக்கென்ன யோக்கியதை.
குவியலில் கால் இடறி ஒரு தாள் சரிய
கை தானாகக் குனிந்து, தொட்டு,
கண்ணில் ஒற்றிக்கொண்டது
ஜட்டிக்காரரை.

ராத்திரி பின் அடித்து முடித்ததும் ஒன்றைப் புரட்டினேன்.
பழக்கம், இடமிருந்து.
நடுவில் எட்டுப் பக்கம் வசனமில்லாத கதை.
விமான நிலைய நாற்காலியில் தூங்குகிறான் ஒருவன்.
அடுத்து டாக்சி. அடுத்து அவன் தெரு.
பூட்டில் சாவி.
நாற்காலிகள் மேல் போர்த்திய துணி ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது.
தட்டில் ரொட்டி, முதலில் ஒரு துண்டு, பிறகு பாதி, பிறகு முழுசு.
கடைசிச் சட்டத்தில் ஐந்து பேர்,
யாரோ சொன்ன எதற்கோ சிரித்தபடி.
பிழை பார்க்க உட்கார்ந்தவள்
மூக்கைச் சிந்திவிட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் அவளிடம் சொன்னேன்:
வீடு வந்து சேர்ந்தானே, அது போதும்.
அவள் பதில் சொல்லவில்லை.
புத்தகத்தை என் கையிலேயே திருப்பி
நான் முடித்த இடத்தில் விரலை வைத்தாள்.
இங்கிருந்து.
ஐந்து பேர். நான்கு. ரொட்டி பாதி. துணி. பூட்டு.
விரல் போய்க்கொண்டே இருந்தது, நாற்காலி வரைக்கும்.

எத்தனை பக்கத்தில் திரும்பி வந்தான், உங்களுக்கு?
எட்டு.
எட்டே எட்டா, என்றாள்.

நூற்றைம்பது ரிங்கிட் பாக்கி, அடுத்த இதழில் தருகிறாளாம்.
பிரதிகள் யார் யாரோ பெட்டியில், மைலோ பாக்கெட்டுக்கு அடியில்
அம்மான் போகும், துனிஸ் போகும்.
வீணான நாற்பதையும் ஸம்ரி பெட்டியில் கட்டி
மை டின்களுக்கும் மேலே உச்சித்தட்டில் வைத்திருக்கிறான்.
எரிப்பதா, ஆற்றில் விடுவதா,
உஸ்தாத்திடம் கேட்கலாம்,
கேட்டால் எடுத்துக் காட்டச் சொல்வார்.
எங்கள் தலைக்கு மேலே
வழுக்கைத்தலையர் தட்டிக்கொண்டே இருக்கிறார்
தொட்டியை.