இருபது இருபதாக

முதல் வீடியோவில் என் கட்டைவிரல் நடித்திருந்தது,
ஓரத்தில், சிவப்பாக, பதினோரு நொடி.
இரண்டாவதில் படம் என்னவோ சேர்வராயன் மலைதான்.
காதில் விழுந்தது
யாரோ தகரத்தை மெல்லும் சத்தம். காற்றாம்.
மூன்றாவதில் என் மூச்சு.
அதுவரை தெரியாது
நான் இவ்வளவு சத்தமாக உயிரோடிருப்பது.

அயோத்தியாப்பட்டணம் எடைமேடையில் இரவு ஷிப்டு எனக்கு.
கிழங்கு லாரி ஏறும், சிவப்பு எண்கள் துடிக்கும், நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
கைக்கு எட்டியதை எடுத்துப் பழகலாம் என்று
அந்த எண்களைப் பிடித்தேன்.
கண்ணுக்கு ஆடாமல் நிற்பவை
போனுக்குள் மினுங்கி மினுங்கி அறுந்தன.

ரிப்பேர் என்று நினைத்து ரிஸ்வானாவிடம் கொண்டு போனேன்.
ஜெராக்ஸ் கடைக்குள் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள்.
"போன் நல்லாத்தான் இருக்குது.
உங்க டிஸ்ப்ளே எப்பவுமே அணைஞ்சு அணைஞ்சுதான் எரியுது.
கண்ணு அதக் கண்டுக்கறதில்ல, அவ்வளவுதான்."

ஒன்பது வருடம்.
அணைந்து அணைந்து எரிந்த ஒன்றைப் பார்த்தா
இத்தனை லோடுக்கும் கையெழுத்துப் போட்டேன்?

அவள் எங்கோ ஒரு எண்ணை ஐம்பதாக்கினாள்.
மினுக்கம் முக்கால்வாசி நின்றது.
"கதை எங்கக்கா? ஒரு பாட்டாவது போடுங்க" என்றாள்.
பாட்டுப் போட்டேன்.
லாரி அழ ஆரம்பித்துவிட்டது.
எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
மேடையைச் சரிபார்க்க வைத்திருக்கும் இருபது கிலோ கல்லில்
ரப்பர் பேண்ட் போட்டுப் போனைச் சாய்த்திருந்தேன்.
மாதையன் காலி லாரியை ஏற்றினார்.

9240

டீ குடிக்க இறங்கினார்.

9180

நிறுத்த மறந்து நான் சீட்டுக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
போன் பார்த்துக்கொண்டிருந்தது.
பஸ் ஒன்று வாழப்பாடிப் பக்கம் போனது, சத்தமாக மட்டும்.
கண்ணாடி டம்ளர் கழுவுகிற ஒலி.
கதவு அடைகிற ஒலி.

9240

டீயின் எடை எங்கள் மேடைக்குத் தெரியாது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ண வரும்.
பூனை படுத்தால் தெரியாது.
மாதையன் கக்கத்தில் இருந்த எக்ஸ்ரே கவர் தெரியாது.

அதைப் பற்றி நான் கேட்கவில்லை.
வீடியோவை மட்டும் காட்டினேன்.
கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார்.
"இதுல நான் எங்க இருக்கறன்?"
"அந்த அறுபது."
இன்னொரு தரம் ஓடவிட்டார்.
இறங்கினார், ஏறினார்.
"போன மாசம் அறுபத்தெட்டு" என்றார்.

மேடைக்கு அதுவும் அறுபதுதான்.

அவரைக் கேட்டுக்கொண்டுதான் ரிஸ்வானாவுக்கு அனுப்பினேன்.
அவள் இந்தத் தடவை கதை கேட்கவில்லை.
"முடிவுல ரெண்டு நொடி அதிகம்" என்று எழுதினாள்.
வெட்டிப் பார்த்தேன். ஒட்டிப் பார்த்தேன்.
வெட்டினால் கதவு அடைபடவில்லை.
விட்டுவிட்டேன் அந்த இரண்டு நொடியை.

ஐப்பசியில் அந்த லாரியை வேறு ஒருவர் ஓட்டி வந்தார்.
டீக்கு இறங்கினால் எண்பது குறைகிறது.
முதல் நாள் சீட்டைத் தப்பாக எழுதிவிட்டு அடித்தேன்.

நேற்று மழை.
குப்பனூர்ப் பக்கம் மலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை,
நனைந்த கறுப்பு மட்டும்.
லோடு மேல் தார்ப்பாய் குழிவிட்டிருந்தது.

21360
21380

யாரும் எதையும் ஏற்றவில்லை. எண் ஏறுகிறது.
தார்ப்பாயைத் தட்டித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான்
சீட்டுப் போட வேண்டும்.
நான் நாற்காலியை விட்டு எழவில்லை.
மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், பழகிவிட்டது.

21400

டிரைவர் ஹாரன் அடித்தார், நீளமாக.
அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.