மேல்மாடி

ஜாலான் ஈப்போவில் என் கடைக்கு மேலே
செவ்வாய் இரவானால் கானாக்காரர்களின் ஒத்திகை.
பதினொரு ஜோடிக் கால்கள்.
அலமாரியில் காயும் பல்செட்டுகள்
கடகடவென்று அடித்துக்கொள்ளும்;
திருமதி வோங் போட்டுப் பார்க்குமுன்பே
அவர் பற்கள் சிரித்துப் பழகிவிடும்.

மாநகர் மன்றத்துக்குப் புகார் எழுதினேன்.
(போன மெர்டேக்கா ஊர்வலத்தில் இதே கால்களைத்தான்
தோளில் ஏற்றி மகளுக்குக் காட்டினேன்.)
அதிகாரி வந்தது ஒரு புதன்கிழமை.
"சத்தம் எங்கே?" என்றார்.

அடுத்த செவ்வாயும் சத்தமில்லை.
குவாபெனாவுக்கு விசா முடிந்துவிட்டதாம்.
"அவன் திரும்பும்வரை இருக்கட்டும்" என்று
அக்கோசுவா பெரிய முரசை உருட்டிவந்தாள்.
இடமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

சாந்துத் தூசி படிந்து
மூலையில் நிற்கிறது இப்போது.
சிமெண்டு லாரி கடந்தால்
தோல் லேசாக முனகும்.
ஒவ்வொரு தடவையும்
பற்களைத் திரும்பிப் பார்க்கிறேன்.