குறிப்புக் கட்டம்

வெள்ளிக்கிழமை நிதிக் கூட்டம்.
தமிழ் வரிசையில் ஒரு நூலுக்கு நேரே
இரவல் பூஜ்யம் என்கிறது திரை.

உட்லண்ட்ஸில் அதைத் தொட ஆளில்லை என்று
நீலப் பெட்டியில் பிடோக்கிற்கு அனுப்பினோம்,
மலாய்ச் சமையல் நூலுக்கும்
சீன அகராதிக்கும் நடுவே, மழையில்.
அங்கும் அது முதுகைக் காட்டியே நின்றது.

மின்னூலானபின்
இரவு இரண்டு பத்துக்கு யாரோ திறக்கிறார்.
மறுநாளும் இரண்டு பத்து.
துவாஸ் விடுதியோ, மருத்துவமனை வார்டோ,
கணினி காட்டிக்கொடுக்காது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறார்.

உரிமம் மார்ச்சோடு சரி.
பூஜ்யத்தை அழித்து
ஒன்று என்று தட்டுகிறாள் ஷம்சாத்.
ஒன்றுக்கா பணம் என்பார்கள்.
எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒன்று.

பக்கத்தில் குறிப்பு என்றொரு குறுகிய கட்டம்,
ஆண்டாண்டாய்க் காலியாகவே போவது.
அதில் எழுதுகிறாள்:
வாசகர் இன்னும் படித்து முடிக்கவில்லை.