உள்ளபடி

பாலக்காடு சப் கோர்ட்டில்
கூண்டுக்கும் மேசைக்கும் நடுவில் என் இடம்.
இந்தப் பக்கம் தமிழ் வந்து விழும்.
எடுத்து மலையாளமாக்கி
அந்தப் பக்கம் வைப்பேன்.
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று
சாட்சியைப் போல நானும் சத்தியம் செய்தவன்.
படிக்காசு மட்டும் வேறு.

இன்று கூண்டில் வேலாத்தாள்.
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
இடம் இவருடையது, பணம் மாளியேக்கல் பில்டர்ஸுடையது,
கட்டி முடித்தால் நூற்றுக்கு முப்பத்தெட்டு இவருக்கு.
முப்பது மாதம் கெடு, மேலே ஆறு மாதம் சலுகை.
பவர் பத்திரம் தனி.
இருபத்தேழு பக்கமும் மலையாளம்.
பக்கத்துக்குப் பக்கம் அடியில்
தமிழில் கையெழுத்து,
இரண்டு புள்ளியும் பிசகாமல்.

நாலாம் மாடியோடு வேலை நின்று
ஏழு வருஷம்.
பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்:
துருப்பிடித்த கம்பிகள், லிஃப்ட் குழியில் தண்ணீர்,
முதல் தளத்தில் யாரோ காயப்போட்ட மிளகாய்.
அது யாருடைய மிளகாய் என்று
எந்த மனுவிலும் இல்லை.

கம்பெனி சொல்கிறது:
வில்லேஜ் ரெஜிஸ்டரில் இது 'நிலம்',
மறைத்து ஒப்பந்தம் போட்டார்,
பதினோரு கோடி நஷ்டம்.
வேலாத்தாள் சொல்கிறார்:
பவர் ரத்து, கட்டினதை இடித்து
என் இடத்தை எனக்குக் கொடு.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
நிலம் என்றால் நிலம்.
மேடு, பாறை, வீட்டு மனை, எதுவும்.
இந்தப் பக்கத்துக் காகிதத்தில்
நிலம் என்றால் நெல்வயல்.
ஒரு செங்கல் வைக்க முடியாது.
வீடு கட்டலாம் என்றால் அதற்குப் பெயர் புரயிடம்.
பொட்டல்காட்டில் பிறந்து
கடலைக்காய் பிடுங்கி வளர்ந்தவருக்கு
இதை யார் சொல்லியிருப்பார்கள்?
பத்திரம் எழுதியவர் சொல்லவில்லை.
பூமிபூஜைக்குத் தேங்காய் உடைத்தவர்களும்
சொல்லவில்லை.

வக்கீல் ஃபிலிப்போஸ் எழுந்தார்.
"ஒப்பந்த நாளில் அது நிலமா, புரயிடமா?"
நான் தமிழாக்கும் முன்பே
ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"நெலந்தானுங்க.
நெலமில்லாம வேற என்னத்தக் குடுப்பேன்?"

பின் பெஞ்சில் சிரிப்பு.
"என்ன சொன்னார்?" என்றார் நீதிபதி.
டைப்பிஸ்ட்டின் விரல்கள் என் வாயைப் பார்த்து நின்றன.
நிலம் என்றால் பதினோரு கோடி.
பூமி என்றால் நான் கூட்டியதாகும்.
"ஐயா, இந்தச் சொல்லுக்கு
அங்கே ஒரு பொருள், இங்கே ஒரு பொருள்."
"பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன்.
தமிழில் சொன்னதாகக் குறித்து
சொல்லை அப்படியே எழுதுங்கள்."
எழுதினோம்.
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி,
போலீஸ் நிற்கிற மாதிரி.

அதோடு முடிந்தது என்று தண்ணீர் குடித்தேன்.

ஃபிலிப்போஸ் ஒரு படத்தை நீட்டினார்.
இரண்டாயிரத்து எட்டில்
வானத்திலிருந்து எடுத்தது.
சுற்றிலும் செம்மண், நடுவில்
ஒரு ஏக்கர் இருபது சென்ட் பச்சை.
"அந்த வருஷம் என்ன பயிர்?"
இதைத் தமிழாக்கினேன், ஒரு சொல் குறையாமல்.
வேலாத்தாளின் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித்
துடைக்கத் தொடங்கினார்.
கடலை என்று சொல்லலாம்.
ஞாபகம் இல்லை என்று சொல்லலாம்.

படத்தைக் கிட்டே வாங்கிப் பார்த்தவர்
முகம் மாறிப்போனது.
அன்று காலையிலிருந்து நான் பார்க்காத முகம்.
"அந்த ஒரு வருசந்தானுங்க
ஆழியாத்துத் தண்ணி எங்க கடைமடைக்கு வந்துச்சு.
பதினேழு மூட்டைங்க.
இந்தா, இத்தன ஒசரம்" என்று
கூண்டின் கம்பிக்கு மேலே கை வைத்துக் காட்டினார்.
"நெல்லுங்க. நெல்லு."

அந்தச் சொல் இரண்டு பக்கமும் ஒன்று.
நான் வாய் திறக்கும் முன்
டைப்பிஸ்ட் அடித்து முடித்திருந்தாள்.
கை இன்னும்
அந்த உயரத்திலேயே இருந்தது.